கொடி யாருக்கும் சாய்வதில்லை

(குடியரசு நாளையொட்டி மோகனூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டில்லியில் நடக்கும் குடியரசு நாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டீர்கள். டாங்கி வரும், ஏவுகணை வண்டி வரும், ஒட்டகப் படை வரும், மோட்டார் சைக்கிளில் ஆள்மேல் ஆள் நின்று வருவார்கள், கடைசியில் விமானங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், பிடிக்கட்டும். நான் இன்று பேச வந்தது அங்கே பறக்கும் துணிகளைப் பற்றி. எந்தக் கொடி சாய்கிறது, எது சாயாமல் நிற்கிறது, யார் யாருக்கு சல்யூட் அடிக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு வாருங்கள். குடியரசு என்றால் என்ன என்பது அரசியல் சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே விளங்கிவிடும்.

நம் தேசியக் கொடியை யாருக்காகவும் எதற்காகவும் மரியாதை என்று சொல்லிச் சாய்க்கக் கூடாது. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் கொடி விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. குடியரசுத் தலைவரே வந்தாலும், வெளிநாட்டு மன்னர் வந்தாலும், மூவண்ணம் நிமிர்ந்தே நிற்கும். படைப்பிரிவுகளின் கொடிகளுக்கு அந்த உரிமை கிடையாது. குடியரசுத் தலைவர் முன்னால் அவை தாழ வேண்டும்.

படைப்பிரிவின் கொடி சாதாரணமான கொடி இல்லை. பட்டாளத்தில் 'நிஷான்' என்பார்கள். அதைக் கொடுக்கும் நாளில் மைதானத்தின் நடுவே முரசுகளை அடுக்கி, அவற்றின் மேல் புதுக் கொடியை விரிப்பார்கள். இந்து, முஸ்லிம், சீக்கிய, கிறிஸ்தவ சமய ஆசிரியர்கள் வரிசையாக வந்து அவரவர் முறையில் வேண்டுதல் சொல்வார்கள். பிறகு ஓர் இளம் அதிகாரி ஒற்றைக் காலை மண்டியிட்டு அதை வாங்கிக்கொள்வார். அந்தப் படைப்பிரிவில் உயிர் விட்டவர்கள் அத்தனை பேருடைய பெருமையும் அந்தத் துணியில் இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். 1951-இல் கடற்படைக்குக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் முதன்முதலாக அப்படி ஒரு கொடியை வழங்கினார். நம் தமிழ்நாடு காவல்துறைக்கும் 2022 ஜூலை 31 அன்று சென்னையில் அந்தச் சிறப்புக் கிடைத்தது. அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு வந்து கொடுத்தார்.

இவ்வளவு மதிப்புள்ள கொடி, அணிவகுப்பு மேடையில் நிற்கும் ஒரு மனிதர் முன்னால் தாழ்கிறது. அந்த மனிதர் கையில் துப்பாக்கி இல்லை, இடுப்பில் வாள் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அவருடைய பலம். பெரும் படை வைத்திருக்கும் நாட்டில், ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஆயுதம் இல்லாதவர் முன்னால் வருஷா வருஷம் எல்லோரும் பார்க்கத் தலை தாழ்த்துகிறார்கள். நம்மோடு விடுதலை பெற்ற பல நாடுகளில் இது நடக்கவில்லை. தளபதிகள் மேடையில் ஏறி நின்று கொடிகளைத் தங்களுக்குத் தாழ்த்தச் சொன்னார்கள். நம் நாட்டில் அது நடக்கவில்லை என்பதை நான் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

சேரனுக்கு வில், பாண்டியனுக்கு மீன், சோழனுக்குப் புலி. நம் காந்தமலை முருகனுக்குச் சேவல். கொடி என்றால் அதற்கு உடையவர் ஒருவர் உண்டு. கொடியைக் கண்டால் உடையவரைக் கண்ட மாதிரி. இந்த மூவண்ணத்துக்கு உடையவர் யார் என்று கேட்டால், குடியரசுத் தலைவர் என்று சொல்ல முடியாது. அவரே அதற்கு வணக்கம் செலுத்துகிறார். பிரதமரும் இல்லை, படைத்தலைவரும் இல்லை. முன்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான் கண்ணுகளா. அதனால்தான் அது யாருக்கும் சாய வேண்டியதில்லை.

இனி அந்தக் காலை நேரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பிரதமர் முதலில் தேசியப் போர் நினைவிடத்துக்குப் போய் மலர்வளையம் வைக்கிறார். 2019-இல் அந்த நினைவிடம் திறக்கப்படும்வரை இந்தியா கேட்டின் கீழே அமர் ஜவான் ஜோதியில் வைத்தார்கள். கொண்டாட்டம் தொடங்கும் முன் செத்தவர்களுக்கு மரியாதை. பிறகு குடியரசுத் தலைவர், குதிரை வீரர்கள் சூழ வருகிறார். ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் கொடியைக் கீழிருந்து மேலே ஏற்றுவார். ஜனவரி 26 அன்று கொடி முன்பே கம்பத்தின் உச்சியில் மடித்துக் கட்டப்பட்டிருக்கும். குடியரசுத் தலைவர் கயிற்றை இழுத்ததும் விரியும். உள்ளே வைத்த பூவிதழ்கள் உதிரும். பூ வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்த இரண்டு நாட்களிலும் வைக்கலாம், விதி அனுமதிக்கிறது.

கொடி விரிந்த நொடியில் தேசிய கீதம் தொடங்கும். கீதத்துக்கு 52 வினாடி. அந்த 52 வினாடிக்குள் 21 குண்டுகள் முழங்கி முடிய வேண்டும். ஏழு பீரங்கிகள், ஒவ்வொன்றும் மூன்று முறை. ஒரு முழக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரே அளவு இடைவெளி. முதல் குண்டு கீதத்தின் முதல் ஒலியோடு, கடைசிக் குண்டு அதன் முடிவோடு. பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் காலத்து 25 பவுண்டர் பீரங்கிகளே இந்த வேலையைச் செய்தன. 2023 முதல் நம் நாட்டில் செய்த 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன.

அதற்கு அடுத்து வருவதுதான் என் மனத்தை அசைக்கும் கட்டம். வீரவிருது வழங்கும் நேரம். 2015-இல் மேஜர் முகுந்த் வரதராஜனுக்கான அசோக சக்கர விருதை வாங்க அவருடைய மனைவி இந்து நடந்து வந்தார். அந்த ஆண்டு மேடையில் அமெரிக்க அதிபர் ஒபாமா இருந்தார். பிரணாப் முகர்ஜி விருதைக் கொடுத்தார். அந்த அம்மா கண்கலங்காமல் நிமிர்ந்து நின்றதைத் தமிழ்நாடே பார்த்தது. படைவீரரின் சவப்பெட்டி மேல் போர்த்தும் கொடிக்கும் முறை உண்டு: காவி தலைமாட்டில் வர வேண்டும், குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது, முன்பே எடுத்துவிட வேண்டும். நம் பக்கத்து ஊர்களில் அந்தக் கொடியை மடித்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

அதன் பிறகுதான் நடை. இந்த ஊர் ஹவில்தார் ஐயா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, "பரேடுல எதுங்கய்யா கஷ்டம்?" என்று கேட்டேன். "நடக்கறது கஷ்டமில்லீங்க. 'தாஹினே தேக்' சொன்னதும் எல்லாரும் மேடையப் பாத்துத் தலையத் திருப்பிருவாங்க. வலது ஓரத்துல வர்றவன் மட்டும் திருப்பக் கூடாதுங்க. அவன் திருப்புனா வரிசை கோணிப்போயிரும்" என்றார். மேடைக்கு மிகப் பக்கத்தில் நடப்பவர் அவர்தான். நாட்டின் தலைவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறார். ஆனாலும் அவர் பார்வை நேரே முன்னால் இருக்க வேண்டும், மற்றவர்கள் நேராக நடப்பதற்காக. அடுத்த முறை தொலைக்காட்சியில் பாருங்கள், ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் அப்படி நடந்துகொண்டிருப்பார். சல்யூட்டையும் பாருங்கள்: தரைப்படைக்காரர் உள்ளங்கை முன்னால் தெரியும், கடற்படைக்காரர் உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துக்கொள்வார், விமானப்படைக்காரர் கை இரண்டுக்கும் நடுவே சரிந்திருக்கும்.

பீரங்கிப் படைக்கு வேறொரு மரபு உண்டு. அவர்கள் துணிக்கொடி தூக்குவதில்லை. பீரங்கியே அவர்களுக்குக் கொடி. போரில் கொடியை எதிரியிடம் விடுவது எவ்வளவு அவமானமோ, பீரங்கியை விடுவதும் அவ்வளவு அவமானம். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தப் பீரங்கிப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக உயர்ந்தவர் நம் மண்ணைச் சேர்ந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பிள்ளை, ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1966 ஜூனிலிருந்து 1969 ஜூலை வரை தலைமைத் தளபதி. 1967, 68, 69 ஆகிய மூன்று ஆண்டுகளில் டில்லி அணிவகுப்பில் நடந்த ராணுவம் அவர் தலைமையில் இருந்த ராணுவம்.

அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். தந்தை டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், பிறகு காங்கிரஸ்காரர், ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சர். தம்பி மோகன் கம்யூனிஸ்டு. ஆங்கிலேயர் காலத்தில் சிறை சென்றவர். தங்கை பார்வதி கிருஷ்ணன் நாடாளுமன்றம் போனவர். அண்ணன் பிரிட்டிஷ் அரசரின் ஆணை பெற்ற அதிகாரியாக இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டையிட்டு, வீரப் பதக்கம் வாங்கி, போர்க்கைதியானவர். ஒரே வீட்டில் இத்தனை கொடிகள். கடைசியில் எல்லோரும் ஒரே கொடியின் கீழ் வந்து நின்றார்கள்.

1950 ஜனவரி 26 அன்று டில்லி அரசு மாளிகையில் காலை 10 மணி 18 நிமிடத்துக்கு, இந்தியா குடியரசாகிவிட்டது என்ற அறிவிப்பைப் படித்தவரும் நம் சேலத்து ராஜாஜிதான். கடைசி கவர்னர் ஜெனரல் அவர். ஆறு நிமிடம் கழித்து, 10:24-க்கு, இராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். ஒரு பேரரசின் பதவி நம் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர் கையிலிருந்து இறங்கி, மக்கள் கையில் சேர்ந்தது. அன்று பிற்பகல் இர்வின் ஸ்டேடியத்தில் முதல் அணிவகுப்பு நடந்தது. விருந்தினர் இந்தோனேசியாவின் சுகர்ணோ. இப்போது நாம் பார்க்கும் ராஜபாதைக்கு அணிவகுப்பு நிரந்தரமாக வந்தது 1955-இல். அந்தச் சாலைக்கு 2022 முதல் கடமைப் பாதை என்று பெயர்.

பிரிட்டிஷ் அரசர் போனார். அவர் கொடுத்த கொடிகளை என்ன செய்வது? 1945 ஜூன் 24 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நடந்த வெற்றி அணிவகுப்பில், பிடிபட்ட 200 ஜெர்மன் கொடிகளைச் சோவியத் வீரர்கள் கையுறை போட்டுத் தூக்கி வந்து லெனின் நினைவிடத்தின் காலடியில் வீசினார்கள். அவ்வளவு பேரைப் பறிகொடுத்த நாடு, அந்த ஆத்திரம் நமக்குப் புரிகிறது. நாம் வேறு வழியில் போனோம். 1950 நவம்பர் 23 அன்று 33 படைப்பிரிவுகளின் பழைய அரசர் கொடிகளை டேராடூன் ராணுவக் கழகத்துக்கு மரியாதையோடு கொண்டுபோய், அங்குள்ள செட்வுட் மண்டபத்தில் வைத்தார்கள். யாரும் அவற்றை மிதிக்கவில்லை. அந்தக் கொடிகளின் கீழ் செத்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1758-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தொடங்கிய மதராஸ் ரெஜிமெண்டு இன்றும் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது. 1803 அஸ்ஸாயே போரின் யானைச் சின்னம் இன்றும் அவர்கள் தொப்பியில் இருக்கிறது. 'வீர மதராசி, அடி கொல்லு' என்ற முழக்கம் தமிழில்தான் இருக்கிறது. சேவை செய்த கொடி மாறியது. சேவை செய்தவர்களின் மானத்தை நாடு காப்பாற்றியது. இந்தப் பண்பை நான் கைகூப்பி வணங்குகிறேன்.

இப்போது மோகனூருக்கு வருகிறேன். 1888 அக்டோபர் 19 அன்று இந்த ஊரில் ராமலிங்கம் பிறந்தார். தந்தை வேங்கடராம பிள்ளைக்குக் காவல்துறையில் வேலை. மகனையும் போலீஸ் சீருடையில் பார்க்க ஆசைப்பட்டார். மகன் தூரிகையைப் பிடித்தார், பிறகு பேனாவைப் பிடித்தார், நாமக்கல் கவிஞர் ஆனார். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டபோது, அவர்கள் நடந்துகொண்டே பாடுவதற்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். பாட்டு எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

அதுவும் ஓர் அணிவகுப்புத்தான் என்று சொல்கிறேன். வரிசை உண்டு, கட்டுப்பாடு உண்டு, தலைவர் உண்டு, நடைக்கு ஏற்ற பாட்டு உண்டு. சுமார் 150 மைல், இரண்டு வாரத்துக்கு மேல் நடை. தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களும் இடம் கொடுக்கிறவர்களும் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஆயுதம் மட்டும் கிடையாது. டில்லியில் மேளதாளத்தோடு நடக்கும் படை எந்தக் கொடிக்கு முன் அணிவகுக்கிறதோ, அந்தக் கொடிக்கு உரிமை சம்பாதித்துக் கொடுத்தது இந்த ஆயுதமில்லாத படை. ராமலிங்கம் பிள்ளையும் 1932-இல் சிறைக்குப் போனார்.

அந்த 1932 ஜனவரி மாதம் தமிழ்நாட்டில் மூவண்ணக் கொடியின் வரலாற்றில் மறக்க முடியாத மாதம். சென்னிமலையில் பிறந்த குமரன், திருப்பூரில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். கையில் பிடித்த கொடியை விடவில்லை. ஜனவரி 11 அன்று உயிர் பிரிந்தது. இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 26 அன்று, சென்னைக் கோட்டைக் கொடிமரத்தின் உச்சியில் மூவண்ணக் கொடி பறந்தது. ஆர்யா என்று அழைக்கப்பட்ட பாஷ்யம், இருட்டில் அந்த உயரமான மரத்தில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கிப் போயிருந்தார். தலைப்பாகையோடு நாம் காணும் பாரதியார் படத்தைப் பின்னாளில் வரைந்தவர் அவர்தான். இங்கே பிறந்த கவிஞரும் ஓவியர், அங்கே மரமேறியவரும் ஓவியர்.

அதே கோட்டையில் 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் ஏறிய பட்டுக்கொடி, கோட்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1974 வரை சுதந்திர தினத்திலும் அங்கே ஆளுநர்தான் கொடி ஏற்றினார். முதலமைச்சர் கருணாநிதி டில்லியிடம் கேட்டு வாங்கிய உரிமையால், அந்த ஆண்டு முதல் எல்லா மாநிலங்களிலும் ஆகஸ்ட் 15 அன்று மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர்கள் ஏற்றுகிறார்கள். அதே கோட்டை வளாகத்தில் பத்து மாடி உயரத்துக்கு நிற்கும் தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு 'நாமக்கல் கவிஞர் மாளிகை' என்று பெயர். பிள்ளைகள் சென்னை போனால் பார்த்துவிட்டு வாருங்கள், உங்கள் ஊர்க்காரர் பெயர்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கொடியை நாம் எப்படி நடத்துகிறோம்? எனக்கு இது வருத்தம் தரும் பகுதி, ஆனாலும் சொல்லியாக வேண்டும். காவி கீழே வரத் தலைகீழாகக் கட்டிவிட்ட கொடிகளைப் பார்த்திருக்கிறேன். கயிற்றை இழுக்க இழுக்க முடிச்சு அவிழாமல், சிறப்பு விருந்தினர் தவித்து நிற்க, ஒரு பையன் கம்பத்தில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் சாக்கடை ஓரத்தில் பிளாஸ்டிக் கொடிகள் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் பிடித்து ஆட்டக் காகிதக் கொடி போதும். அதையும் தரையில் எறியக் கூடாது. கிழிந்த கொடியைத் தனியிடத்தில் மரியாதையோடு முழுதாக எரித்துவிட வேண்டும்.

நாட்டில் பொருள்களுக்கெல்லாம் தரம் குறித்து வைக்கும் அமைப்பு இருக்கிறதே, அதன் முதலாம் எண் தரக்குறிப்பு எதற்குத் தெரியுமா? தேசியக் கொடிக்கு. நீளம் மூன்று பங்கு, அகலம் இரண்டு பங்கு. சக்கரத்துக்கு 24 ஆரம். சின்னதிலிருந்து பெரியதுவரை ஒன்பது அளவுகள். 2021 டிசம்பர் இறுதியில் விதியைத் திருத்தி, பாலியெஸ்டர் துணியிலும் இயந்திரத்திலும் கொடி செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் அனுமதிக்கிறது, சரி. ஆனால் 1925-இல் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம் நம் மாவட்டத்திலேயே புதுப்பாளையத்தில் இருக்கிறது. கைராட்டையில் நூல் நூற்கும் பழக்கத்தை இந்த வறண்ட பூமியில் பரப்பிய இடம் அது. அந்த மாவட்டத்துப் பள்ளிகளில் கதர்க்கொடி பறக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஊராட்சிப் பெரியவர்கள் மனம் வைத்தால் அடுத்த ஆகஸ்டுக்குள் நடக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன். படையில் இருந்து வந்த ஐயாமார்கள் ஆளுக்கொரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது விறுவிறுவென்றும் இறக்கும்போது மெதுவாகவும் கயிற்றை விடுவது எப்படி, இழுத்ததும் அவிழும் சுருக்கு முடிச்சு எப்படி, துக்க நாளில் கொடியை ஒருமுறை உச்சிவரை கொண்டுபோய்விட்டுப் பிறகு அரைக்கம்பத்துக்கு இறக்குவது ஏன் என்பதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும். ஆசிரியர்களுக்குப் புத்தகத்தில் கிடைக்காது.

கொடி மடிப்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் கிடையாகப் பிடித்துக்கொண்டு, காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடிக்க வேண்டும். பிறகு இரண்டு ஓரத்தையும் நடுவே கொண்டுவந்து, சக்கரமும் இரு நிறங்களின் சிறு பகுதியும் மட்டும் மேலே தெரியும்படி மடித்து, உள்ளங்கைகளில் ஏந்திப் போய் வைக்க வேண்டும். கேட்டால் மறந்துபோகும், செய்தால் மறக்காது. கொடியும் கயிறும் கொண்டுவந்திருக்கிறேன். பிள்ளைகளில் நாலு பேர் மேடைக்கு வாருங்கள். ஹவில்தார் ஐயா, நீங்களும் வாங்க, இவங்களுக்கு முதலில் முடிச்சைக் காட்டுங்க.